கற்பூர வாசனையும் ‘கெமிக்கல் இல்லை’ லேபிளும்

திருச்சி பெரிய கடைவீதியில் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய் நின்று, ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றிலும் பத்துப் பத்து கிராம் கேளுங்கள். எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். பொட்டலம் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்றும் வெள்ளைப் படிகங்கள். ஒரு கண்ணாடிக் குப்பியில் மூன்றையும் போட்டு மூடிக் குலுக்கினால் போதும். தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், கொஞ்ச நேரத்தில் இளகி எண்ணெயாகிவிடும். தலைவலி, மூக்கடைப்பு, மூட்டுவலி என்று எல்லாவற்றுக்கும் தடவுகிற வீட்டு மருந்து. ஒன்றின் படிக ஒழுங்கை இன்னொன்று கலைத்துவிடுவதால் கலவையின் உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இன்ஜினியரிங் காலேஜில் இதற்கு யூடெக்டிக் என்று பெயர் சொல்லி வரைபடம் போட்டுக் காட்டினார்கள். பாட்டிகளுக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

அந்த மூன்று பொட்டலங்களுக்கும் வேதியியல் புத்தகத்தில் வேறு பெயர்: தைமால், மெந்தால், கேம்ஃபர். ஒரு செடியின் எண்ணெயில் கலந்துகிடக்கும் நூறு பொருட்களிலிருந்து ஒன்றை மட்டும் தனியே பிரித்து எடுத்தால் வாசனைத் தொழிலில் அதை ‘நேச்சுரல் ஐசோலேட்’ என்பார்கள். ஓமத்திலிருந்து தைமால், புதினாவிலிருந்து மெந்தால், கிராம்பிலிருந்து யூஜெனால், எலுமிச்சைப் புல்லிலிருந்து சிட்ரால், பால்மரோசா புல்லிலிருந்து ஜெரானியால். நம் ஆட்கள் இதற்கு வைத்த பெயர் இன்னும் நன்றாக இருக்கிறது: உப்பு. கரைசலிலிருந்து பிரிந்து படிந்தது எதுவோ அது உப்பு.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

கடந்த சில வருடங்களாக இயற்கை வாசனைத் திரவியம் செய்கிற ஒரு கூட்டம் தமிழிலும் உருவாகியிருக்கிறது. நல்ல விஷயம்தான். வெட்டிவேரையும் மரிக்கொழுந்தையும் தாழம்பூவையும் பற்றி முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆசையாகப் பேசுவதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இவர்களுக்குள் ஒரு ஆசாரம் முளைத்திருக்கிறது. எசென்ஷியல் ஆயில் போடலாம். அப்சல்யூட் போடலாம். ஐசோலேட் போட்டால் தீட்டு. “அது கெமிக்கல் ப்ரோ. பூவோட ஆத்மா அதுல இருக்காது.” குப்பியின் மேல் ‘100% நேச்சுரல், கெமிக்கல் ஃப்ரீ’ என்று அச்சடித்த லேபிள். கலவையில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால், “எல்லாமே இயற்கைதாங்க.”

தண்ணீரும் கெமிக்கல்தான் என்று பள்ளி வாத்தியார் மாதிரி பாடம் எடுக்கப் போவதில்லை. அந்த ஜோக் பழசாகிவிட்டது. தவிரவும் அது எதிராளியின் பயத்தை மதிக்காத ஜோக். தொழிற்சாலை வாசனைகள் மீது சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்லவருவது வேறு. இந்த ஆசாரம் தன் சொந்த விதிகளின்படியே நிற்காது. அது தாங்கிப் பிடிப்பதாகச் சொல்லும் மரபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைவிட முக்கியம், குப்பியை வாங்கித் தோலில் தடவுகிற ஆளுக்கு அது கெடுதல் செய்கிறது.

முதலில் விதிகள். குண்டுமல்லியை நீராவியில் வடித்தால் அதன் வாசனை உருப்படியாகக் கிடைக்காது, சூட்டில் கெட்டுவிடும். ஆகவே பூவை ஹெக்சேனில் ஊறவைக்கிறார்கள். ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது வாசனையையும் மெழுகையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஹெக்சேனை ஆவியாக்கிவிட்டால் மிஞ்சுவது மெழுகுக் கட்டி, பெயர் கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் விரட்டினால் அப்சல்யூட். அருமையான பொருள், எனக்கு அதன்மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் புதினா உப்பு எப்படி வருகிறது? உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பக்கத்து வயல்களில் விளைகிற புதினாவை நீராவியில் வடித்து, கிடைக்கும் எண்ணெயைக் குளிரவைக்கிறார்கள். மெந்தால் ஊசி ஊசியாகப் படிகிறது. எண்ணெயை வடித்துவிட்டுப் படிகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். பெட்ரோலியக் கரைப்பானில் ஊறியது மடி, குளிரில் தானாக உறைந்தது தீட்டு என்றால், இந்த ஆசாரத்தின் வாத்தியார் யார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

எல்லா ஐசோலேட்டும் இவ்வளவு சாதுவாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிராம்பு எண்ணெயிலிருந்து யூஜெனாலைப் பிரிக்க வழக்கமான வழி காரத்தைச் சேர்த்து உப்பாக்கி, பிறகு அமிலம் விட்டு மீட்பது. ஜெரானியாலை வெற்றிடத்தில், உயரமான கோபுரத்தில், கொதிநிலை வேறுபாட்டை வைத்துப் பிரிக்கிறார்கள். இது ஆலை வேலை. இதில் எங்கே கோடு போடுவது என்று இரண்டு நியாயமான ஆட்கள் சண்டை போடலாம். என் கோடு இது: உள்ளே இருந்த மூலக்கூறு மாறாமல் வெளியே வந்தால் ஐசோலேட், வழியில் வேறொன்றாக மாற்றப்பட்டால் அது வேறு பொருள், அதற்கு வேறு பெயர் சொல். எலுமிச்சைப் புல்லின் சிட்ராலை அசிட்டோனோடு சேர்த்து 1893 வாக்கில் ஜெர்மனியில் ஐயோனோன் செய்தார்கள். வயலட் பூவின் வாசனை மலிவாகக் கிடைத்தது அதனால்தான். கேரளத்துப் புல் ஐரோப்பியச் சீமாட்டிகளின் வயலட் செண்ட் ஆன கதை சுவாரசியமானது. ஆனால் ஐயோனோன் ஐசோலேட் இல்லை. புல்லிலிருந்து ஆரம்பித்தது என்பதற்காக அதைப் புல் என்று விற்கக்கூடாது.

*

மரபு என்று சொல்கிறார்கள் அல்லவா, அதற்கு வருகிறேன். அதற்கு ஸ்ரீரங்கத்தைவிட நல்ல இடம் கிடையாது.

பெரிய பெருமாள் சுதையாலான திருமேனி. ஆகவே மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். காப்பு சாத்தியபின் குறிப்பிட்ட நாட்களுக்குத் திருமேனி மூடியிருக்க, திருமுகம் மட்டும் தெரியும். அதே கோயிலில் ராமானுஜர் சன்னதி. அங்கே இருப்பது அவருடைய ‘தானான திருமேனி’ என்பது ஐதீகம். வருடத்துக்கு இரண்டு முறை அதன்மேல் சாத்துவது குங்குமப்பூவும் பச்சைக் கற்பூரமும் சேர்த்த குழம்பு. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் வெண்சங்கிடம் அடுக்குகிற கேள்விகளில் முதலில் நிற்பதே கற்பூர வாசனைதான். இந்த ஊரின் பக்திக்கு ஒரு வாசனை உண்டென்றால் அதில் கற்பூரத்தைக் கழித்துவிட முடியாது.

அந்தக் கற்பூரம் என்பது என்ன? சுமத்ராவிலும் போர்னியோவிலும் வளரும் ஒரு பெரிய காட்டு மரத்தின் வைரத்தில், விரிசல்களுக்குள், போர்னியால் என்ற ஒற்றைப் பொருள் படிகமாக உறைந்திருக்கும். மரத்தை வெட்டிப் பிளந்து அந்தப் படிகத்தைச் சுரண்டி எடுப்பார்கள். பல மரங்களில் ஒன்றுமே இருக்காது. ஐசோலேட் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் உலகத்தில் இல்லை: மரமே பிரித்து வைத்துவிட்டது, மனிதன் பொறுக்கினான். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஒரு துறைமுகம். மலாய் மொழியில் இந்தக் கற்பூரத்துக்கு ‘கபூர் பாருஸ்’ என்றே பெயர். அந்த ஊருக்குப் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வெட்டியவர்கள் ஐந்நூற்றுவர் வணிகக் குழு. ராமானுஜர் வாழ்ந்த காலத்திலேயே தமிழ் வியாபாரிகள் கற்பூரத் துறைமுகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலேயே அகிலோடும் சந்தனத்தோடும் கற்பூரம் கப்பலில் வந்து இறங்குகிறது. மார்க்கோ போலோ, இந்தக் கற்பூரம் எடைக்கு எடை தங்கத்துக்கு விற்றது என்று எழுதிவைத்தார்.

ஆக, நம் முன்னோர் தங்கம் கொடுத்து வாங்கியது முழு மரத்தின் எண்ணெயை இல்லை. அதன் ஆத்மாவையும் இல்லை. நூறு பொருட்களில் ஒன்றை, படிகமாக, தனியாக. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பழமொழி சொல்லி வளர்ந்தவர்கள், ஒற்றைப் பொருளின் வாசனையில் உயிர் இல்லை என்று இப்போது கிளம்புவது வேடிக்கையாக இருக்கிறது.

சுத்தம் என்ற சொல்லை இந்த ஊரில் வைத்துப் பேசும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். யாரையெல்லாம் எந்தெந்த வீதிக்கு வெளியே நிறுத்த அந்தச் சொல் உதவியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சன்னதியின் வாசனை அலமாரி அந்தச் சுத்தத்தை எப்போதும் மதித்ததில்லை. சுமத்ராவிலிருந்து கற்பூரம், காஷ்மீரத்திலிருந்து குங்குமப்பூ, கடல் கடந்து வந்த அகில். இமயமலைப் பக்கத்து ஆண் மானைக் கொன்று அறுத்தெடுக்கும் மதப்பையிலிருந்து கஸ்தூரி. அதைக் குழந்தைக்குப் பெயராகவே வைத்துக் கஸ்தூரிரங்கன் என்று கூப்பிடுகிறோம். கூண்டில் அடைத்த பூனையின் வால் பக்கத்துச் சுரப்பியைச் சுரண்டி எடுப்பது புனுகு. துலுக்க நாச்சியாருக்கு ரொட்டி படைக்கிற கோயில் இது. வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு தன்னுடையதாக்கிக்கொண்ட ஊர். இதன் பேரைச் சொல்லி ஐசோலேட்டுக்குத் தீட்டு கற்பிப்பவர்கள் அந்த வாசனையை முகர்ந்து பார்த்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கஸ்தூரியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கஸ்தூரி மானைத் தொட்டால் ஜெயில். அந்த வாசனையை நெருங்க இயற்கை வாசனைக்காரருக்கு இருக்கும் நல்ல வழி கஸ்தூரி வெண்டை விதை. நம் வெண்டைக்காயின் சொந்தக்காரச் செடி. அதன் விதையிலுள்ள ஆம்பிரெட்டோலைடு என்ற ஒரே பொருள்தான் அந்த மெத்தென்ற கஸ்தூரித்தனத்துக்குப் பெரும் காரணம். அதைத் தனியே பிரித்துப் போட்டால் மானும் பிழைக்கும், மணமும் கிடைக்கும். இன்னொன்று: அமேசான் காட்டு ரோஸ்வுட் மரத்தை லினலூல் என்ற பொருளுக்காக வெட்டி வெட்டியே அருக வைத்தார்கள். 2010இல் அதைச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது அதே லினலூல் ஹோ வுட் எண்ணெயிலிருந்து வருகிறது. ஹோ வுட் என்பது கிழக்காசியக் கற்பூர மரத்தின் ஒரு வகைதான், இலையை வடித்தாலே போதும். “முழு எண்ணெய் மட்டும்தான் போடுவேன், ரோஸ்வுட்டே வேண்டும்” என்று அடம்பிடிக்கிற சுத்தக்காரரைவிட, இலையிலிருந்து வந்த லினலூலை அளந்து போடுகிறவர் காட்டுக்கு நண்பர்.

*

இனி அசௌகரியமான விஷயம். இன்று டப்பாவில் ‘பச்சைக் கற்பூரம்’ என்று கிடைப்பதில் பெரும்பகுதி சுமத்ரா மரத்திலிருந்து வருவதில்லை. இந்தியாவில் கற்பூர ஆலைகள், காஞ்சிபுரத்திலும் ஒன்று இருக்கிறது, பைன் மரத்து டர்பன்டைனில் உள்ள ஆல்ஃபா பைனீனை எடுத்துப் பல படிகளில் மாற்றிக் கற்பூரமாக்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பிறந்த முறை. அப்போது உலகக் கற்பூரச் சந்தை தைவானை ஆண்ட ஜப்பானின் ஏகபோகத்தில் இருந்தது. சினிமா பிலிமுக்கும் சீப்புக்கும் தேவையான செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் வேண்டியிருந்தது. அதை உடைக்கத்தான் ஆலைக் கற்பூரம் வந்தது. சூடத்தட்டில் எரிவது அதன் பேரப்பிள்ளை.

இது ஐசோலேட்டா? என் கோட்டின்படி இல்லை. பைனீன் வழியில் வேறொன்றாக மாறிவிட்டது. கார்பன் 14 அளந்தால் இது பெட்ரோலியம் இல்லை, மரத்திலிருந்து வந்தது என்று காட்டும். அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் மூலக்கூறின் கையைப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். கற்பூர மரம் தருவது வலக்கை வகை மட்டும். ஆலையில் வருவது வலதும் இடதும் பாதிப் பாதி. லட்டிலும் பாயசத்திலும் போடுகிறோம், யாரும் செத்துவிடவில்லை (அளவு மீறிக் குழந்தை தின்றால் வலிப்பு வரும், அது மரத்துக் கற்பூரத்துக்கும் பொருந்தும்). இதைச் சொல்வது யார் பக்தியையும் கிண்டல் செய்வதற்காக இல்லை. இன்ஸ்டாகிராமில் ஐசோலேட்டைத் திட்டிப் பதிவு போடுகிறவரின் பூஜை அலமாரியில் அதைவிடப் பல படி தாண்டி வந்த பொருள் இருக்கிறது, அவர் அதை இயற்கை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. லேபிளில் இல்லை.

சிக்கலே இந்த லேபிள்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாத்தார வீதி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால் எட்டரை, கோப்பு பக்கத்து மல்லி வந்து இறங்கும். பொங்கலுக்கு முன்னால் கிலோ ஆயிரங்களில் போகும். வரத்து கொட்டுகிற நாளில் நூறுக்குக் கீழே இறங்கி, பறிப்புக் கூலிகூடத் தேறாது. கிலோ நூறு ரூபாய் என்றே வைப்போம். ஒரு கிலோ மல்லி அப்சல்யூட்டுக்குச் சுமாராக ஆயிரம் கிலோ பூ வேண்டும், பல சமயம் அதற்கு மேலும். பத்து மில்லிக்குப் பத்து கிலோ பூ. பூவுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் ‘ப்யூர் மல்லி ஆயில், கெமிக்கல் இல்லாதது’ பத்து மில்லி 180 ரூபாய்.

நூறில் ஒரு பங்கு அப்சல்யூட்டைத் தேங்காய் எண்ணெயில் கரைத்தது என்றால் சரி, நியாயமான பொருள். அதை எழுது. எழுதுவதில்லை. ஏனென்றால் அநேகமாக அதுவும் இல்லை. உள்ளே இருப்பது ஆலையில் செய்த பென்சைல் அசிட்டேட்டும் ஒன்றிரண்டு கூட்டாளிகளும், நீர்த்துப்போக ஒரு மலிவு எண்ணெயும். கன்னோஜில் சந்தன எண்ணெயில் இறக்க வேண்டிய அத்தரைச் சந்தனம் விலையேறியதால் லிக்விட் பாரஃபினில் இறக்குகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. சுத்தம் என்ற சொல் விற்கிறவரை, சுத்தத்தைச் செய்ய யாருக்கும் அவசியம் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அத்தை இப்படி ஒரு மல்லி எண்ணெயை ஒரு வருடம் தலைக்குத் தடவினார். கழுத்திலும் காதோரத்திலும் தடித்துச் சிவந்து, தூங்கவிடாத அரிப்பு. தோல் டாக்டர் முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டினார். ஃப்ராக்ரன்ஸ் மிக்ஸ் என்று ஒரு கலவை அதில் உண்டு. ஜெரானியால், யூஜெனால் உட்பட எட்டுப் பொருட்கள். அந்த இடம் கனன்றுவிட்டது. பிரித்துப் பார்த்ததில் ஜெரானியால். “நீங்க போடுற எண்ணெய்ல என்ன இருக்குன்னு கேட்டுட்டு வாங்கம்மா” என்றார் டாக்டர். அத்தை கடையில் போய்க் கேட்டார். “அம்மா, இது சுத்த இயற்கை. கெமிக்கலே கிடையாது. அலர்ஜி எப்படி வரும்?” கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. அத்தை அந்தப் பதிலை நம்பி இன்னும் இரண்டு மாதம் தடவினார்.

ஜெரானியால் ரோஜாவிலும் இருக்கிறது, பால்மரோசாவிலும் இருக்கிறது. லினலூல், லிமோனீன், சிட்ரால், யூஜெனால் எல்லாமே செடியில் பிறந்தவை. எல்லாமே சிலருக்கு ஒவ்வாதவை. ஐரோப்பிய யூனியன் 2003இல் 26 வாசனைப் பொருட்களைப் பட்டியலிட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் லேபிளில் தனித்தனியாகப் பெயர் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டது. 2023இல் பட்டியல் எண்பதைத் தாண்டியது. செடியிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. தோலும் கேட்பதில்லை. ஒரு பொருளைத் தனியே பிரித்து, பெயர் வைத்து, அளந்து போடுகிற பழக்கம் இருக்கிறவரால்தான் “இதில் ஜெரானியால் இத்தனை சதவீதம்” என்று சொல்ல முடியும். ‘பூவின் ஆத்மா’ என்பவரால் முடியாது. ஆத்மாவுக்கு பேட்ச் டெஸ்ட் கிடையாது.

*

எதிர்த்தரப்பின் பலமான வாதம் ஒன்று உண்டு, அதை மறைத்துவிட்டுப் பேசுவது அழகில்லை. “ஐசோலேட்டுக்குக் கதவைத் திறந்தால் அதன் பின்னாலேயே போலி நுழையும். புல்லிலிருந்து வந்த ஜெரானியாலும் ஆலை ஜெரானியாலும் மூக்குக்கு ஒன்றுதான். வியாபாரி மாற்றிக் கொடுத்தால் உனக்கு எப்படித் தெரியும்?” உண்மை. வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க வழி இல்லை. ஆனால் இதே சந்தேகம் முழு எண்ணெய்களுக்கும் அப்படியே பொருந்தும். லாவெண்டர் எண்ணெயில் ஆலை லினலூலைக் கலந்து நீட்டுவது உலகம் முழுக்க நடக்கிற திருட்டு. சந்தன எண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முழு எண்ணெய் மட்டும்தான் வாங்குவேன் என்பவரைத்தான் ஏமாற்றுவது சுலபம், ஏனென்றால் அவர் ரிப்போர்ட் கேட்பதில்லை, முகர்ந்து பார்த்துப் பரவசப்படுகிறார். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி ரிப்போர்ட் கொடு, எந்தச் செடி, எந்த ஊர் என்று எழுத்தில் கொடு என்று கேட்கிற பழக்கம்தான் காப்பு. ஐசோலேட் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். எண்களோடு பழகுகிறார்கள் இல்லையா. சாஃப்ட்வேர் வேலையில் நாங்கள் யாரோ எழுதிய லைப்ரரியை இழுத்துப் போட்டுக்கொள்வோம், ஆனால் எந்த வெர்ஷன் என்று எழுதி வைக்காமல் போட்டால் அடுத்த வாரம் அடி விழும். அதே ஒழுங்குதான்.

விவசாயி வாதம் ஒன்று இருக்கிறது: ஐசோலேட் வந்தால் பூ வாங்க ஆள் இருக்காது என்று. மல்லி விவசாயியின் கழுத்தைப் பிடிப்பது வரத்து கூடும்போது விழுகிற விலையும், அந்த நாளில் வாங்கிப் பிழிந்து வைக்கப் பக்கத்தில் ஆலை இல்லாததும். குப்பியில் மூன்று சதவீதம் அசல் அப்சல்யூட் போட்டு மீதியை ஐசோலேட்டால் நிரப்புகிற நேர்மையான ஆயிரம் குப்பிகள் அவரிடம் பூ வாங்கும். ஒரு சொட்டு மல்லியும் இல்லாத ‘சுத்த மல்லி’ ஒரு லட்சம் குப்பி விற்றாலும் அவரிடம் ஒரு முழம்கூட வாங்காது.

ஐசோலேட்டிடம் என் புகாரையும் சொல்லிவிடுகிறேன். அது தட்டையானது. வெறும் ஜெரானியாலை முகர்ந்தால் ரோஜா மாதிரி ஏதோ ஒன்று, சோப்புக் கடை வாசம். ஐசோலேட்டுகளை மட்டும் வைத்துக் கட்டினால் பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும். சந்தனத்திலிருந்து சாண்டலாலை மட்டும் எடுத்தால் சந்தனம் வராது. அதற்குச் செய்யத் தெரிந்த வேலை வேறு. வீட்டில் ஒரு சின்னத் தராசும் பதினைந்து குப்பிகளும் வைத்துக்கொண்டு, விற்பனைக்காக இல்லாமல் சும்மா கலந்து பார்க்கிறவன் நான். மல்லி அப்சல்யூட்டை முதலில் முகர்ந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். கருஞ்சிவப்பாக, கனமாக, தேனும் டீயும் கலந்தது போல, அடியில் இண்டோலின் அழுகல் வாடை. அது காலையில் தலையணையில் நசுங்கிக் கிடக்கும் மல்லி. நமக்கு வேண்டியது சாயங்காலம் ஆறரைக்குச் சரத்திலிருந்து அவிழ்கிற மொட்டு. ஆவியாகிற லேசான பொருட்கள் பிழிகிற வேலையில் குறைந்துபோகின்றன. லினலூல் அதில் முக்கியமானது. ஹோ வுட் லினலூலை அளந்து சேர்த்தால் அப்சல்யூட் கண் விழிக்கிறது. இண்டோல் எங்கேயும் போகவில்லை, பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில் ஆறரை மணிக்குக் கூடையோடு ஒரு அம்மா உங்களைத் தாண்டிப் போகும்போது வருமே, அது வரும். இரண்டு சதவீதம் போதும், நாலு போட்டால் ரூம் ஸ்ப்ரே.

இந்தக் கலவையைச் சரிசெய்ய எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதன் லேபிளை அப்படியே சொல்கிறேன். ஜோஜோபா எண்ணெய் 90 சதவீதம். குண்டுமல்லி அப்சல்யூட் 3, ஹெக்சேனில் எடுத்தது. வெட்டிவேர் எண்ணெய் 2. லினலூல் 2, ஹோ வுட்டிலிருந்து பிரித்தது. ஜெரானியால் 1, பால்மரோசாவிலிருந்து பிரித்தது. கஸ்தூரி வெண்டை விதையின் அப்சல்யூட் 1. சந்தன எண்ணெய் 1. கலந்த தேதி, பேட்ச் எண். கீழே சிவப்பு மையில்: லினலூல், ஜெரானியால், இரண்டும் சிலருக்கு அலர்ஜி தரக்கூடியவை. அத்தை லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். மூடியைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜெரானியால் இல்லாத ஒன்றைக் கலந்து தரச் சொல்லியிருக்கிறார். மல்லி அப்சல்யூட்டின் ரிப்போர்ட்டில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.